நாய்மேல் ஸ்கங்க் நாற்றமா? தக்காளியை ரசத்துக்கு வையுங்கள்!

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆறு மாதம் வந்து தங்கும் அம்மாக்களுக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஸ்வெட்டர் எடுத்துக்கொள், பிரசவ லேகியம் எடுத்துக்கொள், காது அடைத்தால் மிட்டாய் சப்பு என்றெல்லாம் சொல்வார்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மகள் வீட்டு நாயைப் பின்பக்கத் தோட்டத்துக்குத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். 'நாய் குளிப்பாட்டுவதெல்லாம் ஒரு கட்டுரையா?' என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இந்த நாற்றம் ஒருமுறை நுழைந்துவிட்டால், அப்புறம் நீங்களே பக்கத்தைத் தேடி எடுப்பீர்கள்!

ஸ்கங்க் என்று ஒரு பிராணி. நம் ஊரில் இல்லாதது. வட அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் உண்டு. நாங்கள் குடியிருக்கும் டொரான்டோவின் ஸ்கார்பரோ பக்கத்தில் ஓடையும் பள்ளத்தாக்குமாக மரங்கள் நிறைய இருப்பதால் இதற்குக் கொண்டாட்டம். வீட்டுப் பூனை அளவு இருக்கும். கன்னங்கரேல் என்ற உடம்பில் தலையிலிருந்து முதுகு வழியாக வெள்ளைப் பட்டை, புசுபுசுவென்று சாமரம் மாதிரி வால். பார்க்க ரொம்ப அழகு. பகலெல்லாம் மரப்படி, திண்ணை இவற்றின் அடியில் பொந்தில் படுத்துக் கிடந்து, இருட்டியதும் புல்தரையைக் கிளறிப் புழு பூச்சி தின்ன வரும். தானாக யார் வம்புக்கும் போகாத சாது. ஆனால் நாய் பாய்ந்துவிட்டால் மட்டும் விடாது. முதலில் முன்னங்காலால் தரையைத் தட்டும், சீறும், வாலைத் தூக்கும். அதற்கும் நாய் அடங்காவிட்டால் பின்பக்கத்தைத் திருப்பிப் பீச்சிவிடும்! வாலடியில் இரண்டு பைகளில் மஞ்சளாக எண்ணெய் மாதிரி ஒரு திரவம் வைத்திருக்கிறது. பத்தடி தூரத்துக்குக் குறி தவறாமல் அடிக்கும். மூஞ்சியைப் பார்த்துத்தான் அடிக்கும்.

அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு அது பாதி தெரிந்ததுதான். சிலிண்டரில் வரும் காஸுக்குச் சொந்தமாக வாசனையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சரக்கை அதில் கலந்து அனுப்புகிறார்கள். ஸ்கங்க் பீச்சுவதும் அதே ஜாதிச் சரக்கு. பல கோடியில் ஒரு பங்கு காற்றில் கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். இங்கே புதிதாக வந்தவர்கள் ராத்திரியில் 'காஸ் கசிகிறது' என்று அடுப்படிக்கு ஓடுவது வாடிக்கை. ஓடுவது தப்பில்லை. வாசனை வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று தோன்றினால் ஸ்கங்க்காகத்தான் இருக்கும் என்று படுத்துவிடாதீர்கள். வெளியே போய் நின்றுகொண்டு காஸ் கம்பெனிக்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்த்த பிறகு உள்ளே போங்கள்.

தூரத்தில் இருந்தால் காஸ் வாசனை. கிட்டத்தில் வந்தால் எரிந்த ரப்பரும் அழுகின வெங்காயமும் கரைத்த பெருங்காயமும் சேர்ந்த மாதிரி கண்ணையே கரிக்கும். குமட்டல் வரும்.

இதற்கு அமெரிக்காவில் வழிவழியாகச் சொல்லி வருகிற வைத்தியம் தக்காளிச் சாறு. சினிமாவில்கூடத் தக்காளிச் சாற்றுத் தொட்டியில் நாயை உட்கார வைத்துக் காட்டுவார்கள். நியூஜெர்சியில் இருக்கிற என் நாத்தனார் பக்கத்து வீட்டார் பேச்சை நம்பி எட்டு டின் தக்காளிச் சாறு வாங்கி வந்து தன் வெள்ளைப் பொமரேனியனுக்கு அபிஷேகமே பண்ணினாள். குளியலறைச் சுவரெல்லாம் ரத்தக்களறி மாதிரி ஆயிற்று. நாய் இளஞ்சிவப்பாகிவிட்டது. "அண்ணி, நாத்தம் போயே போச்சு!" என்று ராத்திரி சந்தோஷமாக போன் பண்ணினாள். மறுநாள் காலை வெளியே போய்விட்டு உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாளாம்.

அவள் பொய் சொல்லவில்லை. ராத்திரி அவளுக்கு நாற்றம் தெரியாமல் போனது நிஜம். ஆனால் போனது நாற்றம் இல்லை, மூக்கு! மிளகாய் வறுக்கும்போது வறுப்பவளுக்கு நெடி பழகிவிடும், கூடத்திலிருந்து வருபவர்தானே இருமுவார்? அதே கதை. ஒரே நாற்றத்தை ஒரு மணி நேரம் முகர்ந்தால் மூக்கு சலித்துப் போய் அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடுகிறது. தக்காளி வாசனை மட்டும் புதிதாகத் தெரிகிறது. நாயின் ரோமத்தில் அந்த எண்ணெய் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தக்காளியின் புளிப்பால் அதை ஒன்றும் பண்ண முடியாது.

இதற்கு சரியான மருந்தைக் கண்டுபிடித்தவர் மிருக வைத்தியரும் இல்லை, சோப்புக் கம்பெனியும் இல்லை. இல்லினாய் மாநிலத்தில் பால் கிரேபாம் என்ற ரசாயன நிபுணர். ஆராய்ச்சிக்கூடத்தில் அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை ஒழிக்க, காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடை உபயோகித்து வந்தார். கூட வேலை பார்த்த ஒருவர், தன் பூனைமேல் ஸ்கங்க் அடித்துவிட்டது என்று புலம்பினார். இதுவும் கந்தகம், அதுவும் கந்தகம்தானே என்று, பூனைக்குத் தாங்குகிற அளவில் மருந்துக்கடைச் சாமானையும் சமையலறைச் சாமானையும் கலந்து சொல்லிக் கொடுத்தார் கிரேபாம். வேலை செய்துவிட்டது! 1993இல் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் பத்திரிகையில் அது வெளிவந்தது. அப்புறம் செய்தித்தாள்களில் வந்து வீடு வீடாகப் பரவிவிட்டது. கலந்த மருந்தைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது என்பதால் அவரவர் வீட்டில்தான் கலந்துகொள்ள வேண்டும். ஏன் அடைக்க முடியாது என்று பின்னால் சொல்கிறேன், அது முக்கியம்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பிரசாதம் கிடைத்தது 2021 செப்டம்பரில். எங்கள் மணி 30 கிலோ லாப்ரடார். பத்தரை மணிக்கு என் பையன் வெளியே விட்டான். இரண்டே நிமிஷம். முகத்தைப் புல்லில் தேய்த்துக்கொண்டே ஊளையிட்டபடி ஓடி வந்தது. பின்னாலேயே வந்தது அந்த நாற்றம். பையன் தண்ணீர்க் குழாயைத் திருகப் போனான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா.

"தம்பி, தண்ணி அடிக்காதையுங்கோ! அது எண்ணெய், தண்ணி பட்டால் இன்னும் பரவும். தங்கச்சி, நாயை உள்ளுக்கு விடாதையுங்கோ. ரெண்டு நிமிஷம் பொறுங்கோ, நான் சாமான் கொண்டு வாறன்."

முப்பது வருஷமாக இங்கே நாய் வளர்க்கிறவர் அந்த அக்கா. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாம் தயாராக வைத்திருந்தார். டார்ச் லைட்கூட. அன்று அவர் செய்ததையும், பிறகு மணியைக் காட்டின டாக்டரம்மா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் நாயைக் குளிப்பாட்டக் கூடாது. முதலில் கண்ணைப் பாருங்கள். மூஞ்சியில்தான் பட்டிருக்கும். கண் சிவந்து, திறக்க முடியாமல் தவிக்கும். வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரை மெல்ல ஊற்றிக் கண்ணை மட்டும் நன்றாகக் கழுவிவிடுங்கள். மறுநாளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அடுத்து, டார்ச் அடித்து மூக்கு, உதடு, கால் எல்லாம் கடிகாயமோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு பாருங்கள். இது ஏன் என்பதையும் கீழே சொல்கிறேன். காயம் இல்லையென்றால் பழைய துணியாலோ காகிதத் துண்டாலோ ரோமத்தில் ஈரமாக இருக்கும் எண்ணெயை ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

இனி மருந்து. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு 1 லிட்டர். மருந்துக்கடையில் பழுப்பு பாட்டிலில் காயம் கழுவ விற்பதுதான். சமையல் சோடா கால் கப், அதாவது மேஜைக் கரண்டியால் 4 கரண்டி. நம் ஊரில் ஆப்ப சோடா, சோடா உப்பு என்கிறோமே அதேதான். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அது உதவாது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 1 அல்லது 2 டீஸ்பூன். மூன்றையும் திறந்த பிளாஸ்டிக் பக்கெட்டில் கலந்தால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்குவதற்குள் உபயோகிக்க வேண்டும். பெரிய நாய்க்குப் போதாது என்றால் இன்னும் 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்பாஞ்சால் தோய்த்துக் காய்ந்த ரோமத்தின்மேலேயே தேய்த்து, தோல்வரை போகும்படி பிசறிவிடுங்கள். கண், வாய், காதுக்குள் படக் கூடாது. முகத்துக்கு மட்டும் பிழிந்த துணியால் பார்த்துப் பார்த்து ஒற்ற வேண்டும். 5 நிமிஷம் ஊறட்டும். அந்த ஐந்து நிமிஷமும் நாய் நக்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பெராக்ஸைடு வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கும். அப்புறம் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசுங்கள். முகர்ந்து பார்த்து இன்னும் அடித்தால், புதிதாகக் கலந்து இன்னொரு தடவை.

மணிக்கு இரண்டு தடவை ஆயிற்று. இவர் ஒன்றும் பேசாமல் வெந்நீர் வைத்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மணி பன்னிரண்டரை. இடையில் கரூரிலிருந்து அம்மாவின் போன் வேறு. அங்கே அப்போது காலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, அரப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேச்சா போகாத நாத்தமா அது?" என்றாள். போகாது அம்மா! அரப்பும் சீயக்காயும் எண்ணெய்ப் பிசுக்கை ஓரளவுக்கு எடுக்கும், மிச்சத்தின் நாற்றத்தை மாற்றாது. எலுமிச்சம்பழம், வினிகர், மோர் எல்லாம் தக்காளிக்குத் தங்கைகள். சாம்பிராணி போட்டால் சாம்பிராணியும் நாறும், நாயும் நாறும், அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தினவள். இருந்தாலும் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டபோது பளிச்சென்று புரிந்தது. சோப்பு எண்ணெயைப் பிரித்துக் கொடுக்கிறது. பெராக்ஸைடு தன்னிடமுள்ள பிராணவாயுவை அந்தக் கந்தகச் சரக்கின்மேல் ஏற்றி, வாசனையில்லாத, தண்ணீரில் கரைந்து போகிற வேறு சரக்காக மாற்றிவிடுகிறது. சோடா உப்பின் காரம் அந்த வேலையைச் சீக்கிரமாக நடத்துகிறது. அதாவது நாற்றத்தை மறைப்பதில்லை, நாற்றமாக இருந்ததையே வேறொன்றாக ஆக்கிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் வுட் என்ற ரசாயனப் பேராசிரியர் 1990இல் எழுதியது. ஸ்கங்க் திரவத்தில் உடனே நாறும் சரக்கு ஒரு பங்கு என்றால், இப்போதைக்கு அடங்கிக் கிடந்து, ஈரம் பட்டால் மெல்ல மெல்ல நாற்றமாக மாறும் சரக்கு இன்னொரு பங்கு. தக்காளி அபிஷேகம் கண்ட நாய் ஒவ்வொரு மழைக்கும் மறுபடி மறுபடி நாறுவது அதனால்தான். என் நாத்தனாரின் பொமரேனியன் தீபாவளிவரை நாறிற்று.

இப்போது பாட்டில் விஷயம். கலந்த மருந்து மிஞ்சினால் மூடி வைக்கவே கூடாது. அதிலிருந்து பிராணவாயு வந்துகொண்டே இருக்கும். போக வழியில்லாமல் பாட்டில் வெடித்துவிடும். ஸ்ப்ரே டப்பாவிலும் ஊற்றாதீர்கள். மிஞ்சியதைத் தண்ணீரோடு சாக்கடையில் கொட்டிவிடுங்கள். பெராக்ஸைடு 3 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். தலைக்குச் சாயம் அடிக்க 6, 12 சதவீதத்தில் விற்கிறார்கள். சலூனில் வாங்கியது வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டால் தோல் வெந்துபோகும். கறுப்பு நாய்க்கு 3 சதவீதம்கூட ரோமத்தைக் கொஞ்சம் செம்பட்டையாக்கலாம். அது வளர்ந்தால் சரியாகிவிடும். பூனைக்கும் இதே மருந்துதான், ஆனால் பூனை தன்னையே நக்கிக்கொண்டிருக்கும் ஜென்மம். ஒரு சொட்டு விடாமல் அலச வேண்டும். குட்டியாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

சிலர் 'பிளீச் போட்டால் போகும்' என்பார்கள். சிமெண்டுத் தரைக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் தண்ணீர் கலந்து போடலாம், உயிருள்ள எதன்மேலும் கூடாது. அதையும் வினிகரோடோ அமோனியாவோடோ பெராக்ஸைடோடோ சேர்த்துக் கலக்கவே கூடாது. முதல் இரண்டிலும் விஷவாயு கிளம்பும்.

காயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேனே, அதற்குக் காரணம் வெறிநோய். வட அமெரிக்காவில் வௌவால், ரக்கூன், நரி இவற்றோடு ஸ்கங்க்கும் வெறிநோயைச் சுமந்து திரியும் பிராணி. பீச்சுகிற திரவத்தால் அந்த நோய் வராது. பயப்பட வேண்டாம். எச்சிலால் வரும், அதாவது கடியால். நாய்க்குக் கடிகாயம் இருந்தால், தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், உடனே டாக்டரிடம் போக வேண்டும். கூடுதல் ஊசி போடுவார்கள். நாங்கள் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் 3 மாதம் ஆன நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். மணிக்கு அந்த அட்டை சரியாக இருந்தது. இருந்தும் உதட்டோரம் ஒரு கீறலைப் பார்த்ததும் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. காலை எட்டு மணிக்கு டாக்டரம்மா முன்னால் நின்றோம். கீறல் வேலிக் கம்பியால் ஆனதாகத்தான் தெரிகிறது என்றார்கள். இருந்தாலும் ஒரு ஊசி போட்டுத்தான் அனுப்பினார்கள். போடட்டும்! குழந்தைகள் கட்டிக்கொண்டு உருளுகிற நாய் அது.

மனிதர்களைக் கடித்தால் சொல்லவே வேண்டாம். நம் ஊரில் நாய்க்கடிக்குச் சொல்வதுபோலத்தான். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டோ பயமில்லாமல் கிட்ட வந்துகொண்டோ ஒரு ஸ்கங்க் தெரிந்தால் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு நகராட்சிக்கு போன் பண்ணுங்கள்.

டாக்டரம்மா சொல்லித்தான் இன்னொன்று எனக்குத் தெரியும். அபூர்வமாகச் சில நாய்களுக்கு, நிறையப் பட்டிருந்தால், அந்தத் திரவமே ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்துச் சோகையை உண்டாக்குமாம். இரண்டு மூன்று நாளைக்கு நாயின் ஈறு வெளுத்திருக்கிறதா, சோர்ந்து படுக்கிறதா, மூத்திரம் கறுத்துப் போகிறதா என்று கவனிக்கச் சொன்னார்கள். தினம் இரண்டு வேளை உதட்டைத் தூக்கி ஈறு பார்த்தேன். மணி இதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு தானாகவே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்துவிட்டது!

வீட்டுக்குள் நாற்றம் வந்திருந்தால் ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்துவிடுங்கள். காற்றோட்டத்தைவிட நல்ல வைத்தியம் அதற்கு இல்லை. குளிப்பாட்டும்போது உடுத்தியிருந்த துணிகளைத் தனியாக, சோப்புத்தூளோடு அரைக் கப் சமையல் சோடாவும் போட்டு இரண்டு தடவை துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். நாற்றம் போகும்வரை உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள். பெராக்ஸைடு பட்டால் சாயம் போகும், எனவே பட்டோ நல்ல புடவையோ கட்டிக்கொண்டு இந்த வேலைக்கு இறங்காதீர்கள். கைக்குழந்தை இருக்கிற அறைக் கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் தலைக்குக் குளித்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

வராமல் தடுக்க முடியுமா? முக்கால்வாசி முடியும். இருட்டில் நாயை விடுமுன் தோட்ட விளக்கைப் போட்டு, கதவைத் தடதடவென்று தட்டி, ஒரு நிமிஷம் பொறுத்துத் திறங்கள். ஸ்கங்க்குக்குக் கண்பார்வை மட்டம், சத்தம் கேட்டால் நகர்ந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் இவை ஜோடி தேடி அலையும். மே மாதம் குட்டி போடும். அந்த மாதங்களில் ராத்திரியில் நாயைக் கயிற்றில் பிடித்தே அழைத்துப் போகலாம். நாய்ச் சாப்பாட்டுத் தட்டை வெளியே விடாதீர்கள், குப்பைத் தொட்டி மூடியை அழுத்திப் போடுங்கள். மரப்படிக்குக் கீழே பொந்து இருந்தால் கம்பிவலை அடித்துவிடலாம், ஆனால் உள்ளே குட்டிகள் இல்லை என்று தெரிந்த பிறகு. தாயை வெளியே வைத்து அடைத்துவிட்டால் பாவமும் சேரும், நாற்றமும் சேரும்.

அக்காவைப் பார்த்து நானும் இப்போது ஒரு டப்பா வைத்திருக்கிறேன். பெராக்ஸைடு 2 பாட்டில், சமையல் சோடா 1 பெட்டி, சிறு பாட்டிலில் சோப்பு, ரப்பர் கையுறை, ஸ்பாஞ்சு, டார்ச். எல்லாமாக ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவுதான். பெராக்ஸைடு பாட்டிலைத் திறந்தால் நாளடைவில் வெறும் தண்ணீராகிவிடும், ஆகவே திறக்காத பாட்டிலாக வைத்துத் தேதி பார்த்து மாற்றிவிட வேண்டும். பழையது இருந்தால் ஒரு கரண்டியில் ஊற்றித் துளி சமையல் சோடா போட்டுப் பாருங்கள். நுரைத்தால் நல்லது, சும்மா இருந்தால் கொட்டிவிட்டுப் புதிது வாங்குங்கள்.